உங்களுக்குத் தெரியுமா? இலந்தைப்பழம் இங்கே, சோயா அங்கே

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள சந்தாபுராவில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. இப்பகுதிக் கன்னட வீடுகளில் சங்கராந்தி என்றால் எள்ளு பெல்லாவும் (எள், வெல்லம், நிலக்கடலைக் கலவை) சக்கரை அச்சும். இவற்றோடு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு சடங்கும் உண்டு. பிள்ளையை மணையில் அமர்த்தி, இலந்தைப்பழம், கரும்புத் துண்டு, நாணயம் எல்லாம் கலந்து தலைமேல் கொட்டுவார்கள். கண்ணேறு கழியும் என்பது நம்பிக்கை. மற்ற பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்குவார்கள். அதுவே ஓர் அருமையான விளையாட்டு! தெலுங்குக் குடும்பங்களில் இது போகியன்று நடக்கும்.

ஜப்பானிலும் குளிர்காலம் முடியும் நாளில் இதற்கு நெருங்கிய வழக்கம் ஒன்று உண்டு. பெரும்பாலும் பிப்ரவரி 3-இல் வரும் செட்சுபுன்தான் அது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் கொம்புள்ள பூத முகமூடி செய்வார்கள். முகமூடி மாட்டிய பெரியவர்மீது வறுத்த சோயாவை எறிந்து, கெட்டதை விரட்டி நல்லதை உள்ளே அழைப்பார்கள். பிறகு தத்தம் வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் சோயாவைத் தின்பது மரபு.

ஆனால் கெட்டியான பருப்பு மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. எனவே 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானிய நுகர்வோர் முகமை 2021-இல் எச்சரித்தது. செய்தித்தாளைக் கசக்கி உருட்டிய பந்துகளையே இப்போது பல பள்ளிகளில் எறிகிறார்கள்.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். கொட்டி முடித்ததும் இலந்தைக்கொட்டை, நிலக்கடலை, நாணயம் ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.