வெடியுப்பும் கந்தகமும் ஒரே பையில் வேண்டாம்

2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், இருசக்கர வாகனத்தில் எடுத்துச் சென்ற நாட்டு வெடி வெடித்துத் தந்தையும் சிறு மகனும் உயிரிழந்தனர். குலுங்கல், உராய்வு, சூடு மூன்றும் பைக்கில் உண்டு. எனவே நாட்டு வெடியையோ கருமருந்தையோ பைக்கில் பாதுகாப்பாகக் கொண்டுசெல்ல வழியே இல்லை.

கரி, வெடியுப்பு, கந்தகம் சேர்ந்ததே கருமருந்து. பின்னிரண்டும் நம் இடுபொருள்கள்தான். மாவில் பூ பிடிக்கத் தெளிக்கும் 13-0-45 உரம் வெடியுப்பு. சாம்பல் நோய்க்கு அடிப்பது நனையும் கந்தகம். தாம்பரத்தில் வாங்கி படப்பை, மணிமங்கலம் பக்கம் திரும்பும் விவசாயிகள் கவனிக்க:

• இரண்டையும் தனித்தனிப் பயணத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

• கிழிந்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

• சைலன்சர் பக்கம் தொங்கவிடாதீர்கள். பெட்ரோல் கேனுடன் சேர்க்காதீர்கள்.

• வீட்டிலும் ஒரே இடத்தில் அடுக்காதீர்கள்.