விடுமுறைப் பயணமும் நீண்ட சுருள் கூந்தலும்

யூன் மாதக் கடைசியில் பாடசாலைகள் மூடியதும் கர்க்லாண்ட் பகுதியில் உள்ள எங்கள் வீடுகளில் பயணப்பெட்டிகள் நிலக்கீழறையிலிருந்து மேலே வரத் தொடங்கிவிடும். யூலைக் கடைசியில் கியூபெக்கின் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். சிலர் காரை எடுத்துக்கொண்டு மேய்ன் மாநிலத்து ஓல்ட் ஓர்ச்சட் கடற்கரைக்குப் போவார்கள். சிலர் கியூபாவின் வரதேரோவுக்கு. பலர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும். எங்கே போவதென்றாலும், வாசலில் வாகனம் வந்து நிற்கும் நேரம் பார்த்து வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

"பிள்ளை, இன்னும் தலை இழுத்து முடியேல்லையோ?"

"அம்மா, சிக்கு எடுபடுதில்லை. கொஞ்சம் பொறுங்கோ!"

நீண்ட சுருள் கூந்தல் உள்ள பெண்பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது புதிய கதையல்ல. அவசரத்தில் சீப்பைப் போட்டு இழுப்பதும், இறுக்கிக் கட்டுவதும், சூடு பிடித்து நேராக்குவதும் நடக்கிறது. திரும்பி வந்த பிறகு "அந்த ஊர்த் தண்ணிக்குத் தலைமயிர் எல்லாம் கொட்டிப்போச்சு" என்று கவலைப்படுகிறோம். தண்ணீரிலும் சிறிது பிழை இருக்கலாம். ஆனால் பெரும்பாலான பிழை எமது கையிலும் சீப்பிலும்தான். இம்முறை எமது சுகாதாரப் பகுதியில் இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சுருள்முடி ஏன் இவ்வளவு சிக்குப்படுகிறது? முடி முளைக்கும் குழி வளைந்திருப்பதால் முடியும் வளைந்தே வளர்கிறது. நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருள்முடி தட்டையான முட்டை வடிவமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடுவதால், வேரில் எண்ணெய்ப் பசையும் நுனியில் வறட்சியும் ஒரே நேரத்தில் இருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் வளரும் முடியில், இடுப்பளவு கூந்தலின் நுனிக்கு வயது ஆறு ஏழு வருடம் ஆகிவிடும். அத்தனை வருடமும் வெயிலும் குளிரும் சீப்பும் பட்ட பழைய முடி அது. அதைத்தான் நாம் அவசரத்தில் இழுக்கிறோம்.

ஆகவே பயணத்தில் விரைவாகத் தலைமுடிவதற்கான வேலை முதல்நாள் இரவே தொடங்கிவிட வேண்டும். இதுதான் நாம் அனுபவத்தில் கண்டது. முழுகிய தலை ஈரமாக இருக்கும்போதே கொண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுவையாக இழுத்தால் எல்லாச் சிக்கும் ஓரிடத்தில் திரண்டு முடிச்சாகிவிடும். ஈரமுடி உலர்ந்த முடியைவிட வலுக்குறைந்தது, இழுத்தால் றப்பர்போல நீண்டு அறுந்துவிடும். எனவே வழுக்கும் பசை இல்லாமல் வெறும் ஈரத்தலையில் சீப்பை வைக்க வேண்டாம். துவாயால் தேய்த்துத் துடைப்பதும் கூடாது. பழைய பருத்தி ரீசேட் ஒன்றால் ஒற்றி எடுத்தால் போதும். பின்னர் தளர்வாக ஒரு பின்னல், அல்லது உச்சியில் ஒரு தளர்ந்த குடும்பி போட்டுப் படுத்தால் காலையில் விரலால் கோதிவிட்டுப் புறப்படலாம். கிழிந்துபோன பட்டுச் சேலை வீட்டில் இருந்தால் சரிகையை வெட்டி எடுத்துவிட்டுத் தலையணை உறை தைத்துக் கொண்டுபோங்கள். பருத்தி உறை முடியைப் பற்றி இழுக்கும், பட்டு வழுக்கிவிடும். கடையில் இதையே நல்ல விலைக்கு விற்கிறார்கள்!

இனிக் காலையில் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய முடிப்புகள். முதலாவது, எமது பாட்டிமார் ஊசியும் கிளிப்பும் இல்லாமல் செய்த அள்ளி முடிதல். கூந்தல் முழுவதையும் பிடரியில் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்கமாக முறுக்கி, கையைச் சுற்றி வளையமாக்கி, நுனியை அந்த வளையத்துக்குள்ளால் இழுத்துவிட்டால் முடிந்தது. நேரான கூந்தலில் இது வழுக்கி அவிழ்ந்துவிடும். சுருள் கூந்தலில் முடியே முடியைப் பிடித்துக்கொள்ளும். அம்மம்மாமார் ஊரில் உலை வைக்கப் போகுமுன் இரண்டு செக்கனில் செய்ததை நாம் இங்கே மறந்துவிட்டோம்.

இரண்டாவது, முறுக்குப் பின்னல். மூன்று புரி பின்ன நேரமில்லையென்றால் கூந்தலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகச் சுற்றுங்கள். கயிறு திரிப்பதும் இதே முறைதான். எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்றையொன்று அவிழவிடாது. இரண்டு திருப்பங்களும் ஒரே திசையில் இருந்தால் நிற்காது, அதைமட்டும் கவனிக்க வேண்டும். நீச்சலுக்கும் நீண்ட கார்ப் பயணத்துக்கும் இதைவிட நல்லது நாம் காணவில்லை.

கொண்டை ஊசி குத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊசியை நேரே கொண்டைக்குள் செருகினால் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கொண்டையின் ஓர முடியில் சிறிது கோத்து, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, பிறகு மறுபக்கம் திருப்பிக் கொண்டைக்குள் தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் நான்கு ஊசி செய்யும் வேலையை ஒன்று செய்யும்.

விமானத்தில் உச்சிக் கொண்டை வேண்டாம். கழுத்தை முன்னே தள்ளிவிடும், நித்திரையும் வராது. பாதுகாப்புச் சோதனையில் தடித்த கொண்டையைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. பக்கவாட்டில் தளர்ந்த பின்னலே வசதி. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது என்பதால் நுனியில் இரண்டு துளி எண்ணெய் தடவிக்கொள்ளலாம். கைப்பையில் கொண்டுபோகும் எண்ணெயும் திரவக் கணக்கில்தான் சேரும். போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது.

தேங்காய் எண்ணெய்பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2003இல் மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள் ஊடுருவுகிறது. அவர்கள் வேலைசெய்த நிறுவனம் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் முழுகுவதற்கு முன் எண்ணெய் வைக்கும் எமது வழக்கத்துக்கு அது ஒரு நல்ல ஆதாரம்தான்.

இப்போது முக்கியமான விடயம். இறுக்கிக் கட்டுவது. பயணத்தில் கலையாமல் இருக்கவேண்டுமென்று நெற்றிமுடி இழுபட இழுபடப் பின்னிவிடுகிறோம். தொடர்ந்து இழுபடும் முடி வேரோடு தளர்ந்து உதிர்கிறது. 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம், இறுக்கிக் கட்டிய கூந்தலால் நெற்றியோரம் வழுக்கையானதை வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டியபின் தலை வலித்தாலோ, முடியோரத்தில் சிறு பருக்கள் தோன்றினாலோ, காதுக்கு முன்பக்க முடி மெலிந்து வந்தாலோ அது எச்சரிக்கை. ஆரம்பத்தில் விட்டுவிட்டால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடம் தழும்பாகி, பிறகு முளைக்கவே முளைக்காது. நடனம் பழகும் பிள்ளைகளின் தாய்மார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் மேடைக்காக இறுக்கிப் பின்னிய தலைக்கு விடுமுறையிலாவது ஓய்வு கொடுங்கள். மெல்லிய றப்பர் வளையத்தைவிடத் துணி சுற்றிய வளையம் நல்லது. வகிட்டையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே வகிட்டில் வெயில் பட்டுத் தலைத்தோல் எரிந்து உரிவதும் உண்டு.

நீச்சல் தடாகத்துக்குப் போகுமுன் நல்ல தண்ணீரில் தலையை நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். வெளியே வந்ததும் உடனே கழுவ வேண்டும். கடல் உப்புக்கும் இதே முறைதான். எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு பொதுத் தடாகத்தில் இறங்குவது மற்றவர்களுக்கு அழகல்ல.

தடாகத்தில் அழகைவிடப் பெரிய காரியம் ஒன்றும் உண்டு. தடாகங்களிலும் சுடுநீர்த் தொட்டிகளிலும் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துவாரங்கள் இருக்கும். 2002இல் அமெரிக்காவில் வேர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி அப்படியொரு துவாரத்தின் உறிஞ்சலில் அகப்பட்டு இறந்தாள். அவளுடைய பெயரில் 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அங்குள்ள பொதுத் தடாகங்களின் துவாரங்களுக்குப் பாதுகாப்பு மூடி கட்டாயமாயிற்று. அவிழ்ந்த நீண்ட கூந்தலும் இத்துவாரங்களில் சுற்றிக்கொள்ளும். எந்த நாட்டு விடுதியானாலும் பிள்ளையின் கூந்தலைப் பின்னிக் கொண்டையாக்கியோ தொப்பிக்குள் அடக்கியோதான் தண்ணீரில் இறக்க வேண்டும். உடைந்த மூடி தெரிந்தால் இறக்கவே வேண்டாம்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குத் தண்ணீர் வேறு விதமான சோதனை. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம், சில இடங்களில் உப்பும் சேர்ந்திருக்கும். சவர்க்காரமோ மலிவான ஷாம்பூவோ போட்டால் நுரைக்காது, முடியில் வெண்பசையாகப் படிந்து காய்ந்தபின் தும்புபோல விறைக்கும். இதற்கு மருந்தும் ஊரிலேயே இருக்கிறது. சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து முழுகினார்கள் அல்லவா, அந்தப் புளிப்புத்தான் படிவைக் கரைக்கிறது. கடைசித் தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து தலைக்கு ஊற்றி, பின் நல்ல தண்ணீரால் முற்றாகக் கழுவினால் போதும். முற்றாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தேசிக்காய்ச் சாறு நெற்றியிலோ கழுத்திலோ இருக்க வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும், கருமை மாதக்கணக்கில் இருக்கும்.

இங்கே வாங்கிய முடி உலர்த்தியையும் சூட்டுக் கருவியையும் ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும் கவனிக்க வேண்டும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இலங்கையிலும் இந்தியாவிலும் 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு கருவி மின்னழுத்தத்தை மாற்றாது. கருவியில் 100 முதல் 240 என்று எழுதியிருந்தால் மட்டுமே செருகுங்கள். ஊர்க் கல்யாணத்துக்கென்று புறப்படுமுன் இரசாயனம் பூசி முடியை நேராக்கிக்கொள்ளும் வழக்கமும் பெருகிவிட்டது. 2010இல் ஹெல்த் கனடா இப்படியான ஒரு திரவத்தில் ஃபோர்மல்டிஹைட் அளவுக்கு மீறி இருந்ததாக எச்சரித்தது. கண்ணெரிவும் மூச்சுத்திணறலும் தரும் பொருள் அது. புகையும் நெடியும் வரும் எதையும் பிள்ளையின் தலையில் பூச விடாதீர்கள். சுருள் ஒரு குறையல்ல என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லவேண்டியவர்கள் நாம்தான்.

மச்சான் மச்சாள்மாரோடு ஒரே பாயில் படுத்து வந்த பிள்ளை தலையைச் சொறிந்தால் பேன் பார்க்க வேண்டும். வெட்கப்பட எதுவுமில்லை, சுத்தமான தலையிலும் பேன் வரும். சுருள் கூந்தலில் ஈர் கண்ணில் படாது. ஆகவே ஈரத்தலையில் கொண்டிஷனர் பூசிப் பேன் சீப்பால் பகுதி பகுதியாக வார வேண்டும். மருந்து போட்டால் ஏழு முதல் பத்து நாளில் திரும்பப் போட வேண்டும், ஏனென்றால் தப்பிய ஈர் அதற்குள் பொரித்துவிடும். தலையைவிட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை.

கடைசியாக, திரும்பி வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைகொள்ளாமல் முடி கொட்டுவது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. சுருள்முடியில் அவை கீழே விழாமல் சிக்குக்குள் நின்று, முழுகும் நாளில் ஒன்றாக வருவதால் பயங்கரமாகத் தோன்றும். ஆனால் விடுமுறையில் டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால், அந்த நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திய முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்தே உதிரும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்துவிட்டு, ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருப்போம். இது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடும். வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து செதிலாக உரிந்தாலோ, ஆறு மாதத்துக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ குடும்ப வைத்தியரிடம் போய் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 811ஐ அழைத்தால் தாதி ஒருவர் கதைப்பார். காய்ச்சல் வந்த திகதியைக் குறித்து வைத்திருங்கள், நிச்சயம் கேட்பார்கள்.