பழக் குச்சி ஐஸ்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் மாறி மாறி உடலை வாட்டும். பள்ளி விட்டு வரும் மாணவர் கண்கள் முதலில் தேடுவது குளிர்ச்சியான ஏதேனும் ஒரு பொருளையே. அதே வெப்பமும் மழையும் இத்தீவுகளுக்குப் பழவளத்தையும் கொடுத்துள்ளன. அன்னாசி, பப்பாளி, மா, வாழை, கொய்யா, சப்போட்டா, தென்னை எனத் தோட்டந்தோறும் பயன்தரும் மரங்களும் செடிகளும் நிறைந்துள்ளன. ஆனால் பழுக்கும் பருவத்தில் அனைத்தும் ஒன்றாகப் பழுத்துவிடுகின்றன. ஈரக்காற்றில் அவை சில நாள்களிலேயே அழுகத் தொடங்கும். விற்கலாம் என்றால் சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் வந்திறங்கும் ஆப்பிளை விலை கொடுத்து வாங்கும் வீட்டின் கொல்லையிலேயே பப்பாளி விழுந்து வீணாவதும் உண்டு. கனிந்த பழத்தைக் கூழாக்கி உறையவைத்தால் இந்த இழப்பு குறையும். குழந்தைகளுக்கு நல்ல தின்பண்டமும் கிடைக்கும்.

வெப்பநாட்டு மக்களுக்குப் பனிக்கட்டி ஒரு காலத்தில் கடல்கடந்து வந்த அரும்பொருளாக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து 1833-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் ஒரு பகுதி உருகியும் பெரும்பகுதி கட்டியாகவே வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் பெருகியதும் அந்த வணிகம் மறைந்தது. குச்சியில் உறைந்த இனிப்பு பிறந்த கதையும் சுவையானது. 1905-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிராங்க் எப்பர்சன் என்னும் 11 வயதுச் சிறுவர், இனிப்பு நீரைக் கலக்கிய குச்சியோடு வெளியே மறந்து வைத்துவிட்டாராம். குளிர் மிகுந்த அந்த இரவில் அது குச்சியோடு உறைந்துபோயிற்று. பிற்காலத்தில், 1924-இல், அவரே அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று கடைகளில் விற்கும் மலிவான குச்சி ஐஸ் பெரும்பாலும் தண்ணீர், சர்க்கரை, வண்ணம், மணப்பொருள் ஆகியவற்றின் கலவையே. வீட்டில் செய்யும்போது சர்க்கரையை நீக்கிவிடலாம் என்று பலர் எண்ணுவர். நீக்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைப்பது பல் நுழையாத பனிக்கட்டி. ஏனெனில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. தூய நீர் 0 பாகை செல்சியசில் உறைகிறது. சர்க்கரை கரைந்த நீர் அதற்கும் கீழான வெப்பநிலையில்தான் உறையத் தொடங்கும். உறையும்போது நீர் மட்டும் தனியே படிகமாகப் பிரிய, எஞ்சிய நீரில் சர்க்கரையின் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அடர்ந்த அந்தப் பாகு படிகங்களுக்கு இடையே முழுமையாக உறையாமல் நின்றுவிடுகிறது. குச்சி ஐஸைக் கடிக்க முடிவது இதனால்தான். மேலும், குளிர்ந்த நாவுக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே கடைக்காரர் இன்னும் சற்று அதிகமாகவே சர்க்கரையைக் கொட்டுகிறார்.

அப்படியானால் சர்க்கரை செய்யும் வேலையை வேறு எது செய்யும்? நன்கு கனிந்த பழத்தின் சதை செய்யும். பழத்தில் உள்ள குளுக்கோசும் பிரக்டோசும் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சிறிய மூலக்கூறுகள் கொண்டவை. அதனால் ஒரே எடையில் அவை உறைநிலையை ஏறத்தாழ இரு மடங்கு தாழ்த்துகின்றன. பழத்தின் நாரும் பெக்டின் என்னும் கூழ்ப்பொருளும் நீரைப் பிடித்துவைத்து, பெரிய பனிப்படிகங்கள் வளராமல் தடுக்கின்றன. தேங்காயின் கொழுப்பு படிகங்களுக்கு இடையே புகுந்து மென்மை தருகிறது. இவை மூன்றும் சேர்ந்தால் சர்க்கரைக்கு வேலை இல்லை. இளநீரை மட்டும் அச்சில் ஊற்றினால் கல்லாகும். அதன் வழுக்கையையும் அரைத்துச் சேர்த்தால் மென்மை கூடும்.

இதனால்தான் சாற்றைப் பிழிந்து சக்கையை எறிவது தவறான முறையாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் தேனும்கூட, அளவோடு கொள்ள வேண்டிய சர்க்கரையாகவே கணக்கிடப்பட்டுள்ளன. ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் இத்தகைய சர்க்கரையின் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சர்க்கரைக்கு மாற்றாகத் தேனை ஊற்றிவிட்டு நலம் தேடிக்கொண்டதாக மகிழ்வதில் பொருளில்லை.

சதையைப் பயன்படுத்துவது தீவுகளுக்குப் புதிதன்று. நிக்கோபார் மக்கள் தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெரிய பழத்தை வேகவைத்து, நாரிலிருந்து கூழை வழித்தெடுத்து நெடுங்காலமாக உணவாகக் கொண்டு வருகின்றனர். வண்ணத்திற்கும் இங்கே இயற்கையிலேயே வழி உண்டு. அந்தமான் காடுகளில் படரும் ஒரு கொடியில் காய்க்கும் பழத்தை மக்கள் ‘கூன்பல்’ என்பர். இந்தியில் கூன் என்றால் குருதி. பழத்தைப் பிழிந்தால் குருதிச் சிவப்பில் சாறு வழியும் என்பதால் இப்பெயர். தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்னாள் போர்ட் பிளேர்) உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இப்பழத்தை ஆராய்ந்துள்ளது. இதன் சாறு ஒரு கரண்டி சேர்ந்தாலே கலவை முழுவதும் சிவக்கும். கடை ஐஸின் செயற்கைச் சிவப்பு அதற்குமுன் வெளிறிப்போகும். கூன்பல் கிடைக்காதவர் பீட்ரூட் சாற்றைப் பயன்படுத்தலாம்.

அன்னாசியைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பச்சை அன்னாசியில் புரோமலின் என்னும் நொதி உள்ளது. அது புரதத்தைச் சிதைக்கும் இயல்புடையது. அன்னாசி தின்றபின் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பால் அல்லது தயிருடன் அன்னாசியைக் கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பேறும். அன்னாசித் துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும். வைட்டமின் சி ஓரளவு குறையும், அவ்வளவே. தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு. எனவே அன்னாசிக்கு அதுவே இணக்கமான துணை.

தண்ணீரைப் பற்றிய கவனம் இன்னும் முக்கியமானது. உறையவைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பல கிருமிகள் குளிரில் உறங்குகின்றனவே அன்றி அழிவதில்லை; உருகியதும் மீண்டும் பெருகும். கோடையில் நீர் குறைந்து, தொட்டிகளில் சேமித்த நீரையே பயன்படுத்தும் வீடுகள் தீவுகளில் உள்ளன. ஆகவே நீர் சேர்ப்பதாயின் கொதிக்கவைத்து ஆறிய நீரையே சேர்க்க வேண்டும். பழத்தைத் தோல் சீவுவதற்கு முன்பே கழுவுதல் நன்று. தோலில் உள்ள அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுசெல்லும்.

ஆறு குச்சி ஐஸ் செய்வதற்கு, நன்கு கனிந்த பப்பாளிச் சதை 250 கிராம், கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் 100 கிராம், இளநீர் வழுக்கை 100 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை போதும். வாழை கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் கரும்புள்ளி விழுந்த பழம் தேவைப்படுகிறது. அனைத்தையும் மிக்சியில் மையாக அரைத்து, சுவை பார்க்க வேண்டும். குடிக்கும்போது சற்றுக் கூடுதலாகத் தித்தித்தால்தான் உறைந்தபின் அளவாக இருக்கும். இக்கலவையில் ஓர் ஐஸுக்குக் கிடைக்கும் சர்க்கரை ஏறத்தாழ 6 கிராம். அதுவும் பழத்திலிருந்தே வருவது. அதே அளவு நீரில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை கலந்து உறையவைத்தால் 15 கிராம் ஆகிவிடும்.

கலவையை அச்சில் விளிம்புவரை ஊற்றக் கூடாது. நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடையும். அதற்கு இடம் விட வேண்டும். அச்சு இல்லாதவர் சிறிய எவர்சில்வர் டம்ளர்களைப் பயன்படுத்தலாம். உண்மையில் அவை பிளாஸ்டிக் அச்சைவிட மேலானவை. உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் கலவை வேகமாக உறையும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியனவாகும். நாவில் நறநறப்பு இராது. குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு மணி நேரம் வைத்து, கலவை பாதி இறுகியபின் நடுவில் குச்சியைச் செருகினால் அது சாயாமல் நிற்கும். மேலும் ஐந்தாறு மணி நேரத்தில் முழுமையாக உறைந்துவிடும். எடுக்கும்போது டம்ளரின் வெளிப்புறத்தைச் சில நொடிகள் குழாய்நீரில் காட்டினால் ஐஸ் எளிதில் கழன்று வரும்.

தீவுகளுக்குப் பெருநிலத்தின் மின்தொடரோடு இணைப்பு இல்லை. பெரும்பாலும் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தருகின்றன. நெடுநேரம் மின்சாரம் நின்று ஐஸ் முழுவதும் உருகிவிட்டால், அதை மறுபடி உறையவைக்கக் கூடாது. குளிர்ச்சி மாறாதிருக்கும்போதே அனைவருமாகக் குடித்துவிட வேண்டும். வெகுநேரம் உருகி வெதுவெதுப்பாகிக் கிடந்ததாயின், எவ்வளவு மணமாக இருப்பினும் கொட்டிவிடுவதே தக்கது.