பெட்டக முனையமும் கட்டண வரம்பும்

வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் பயணக் கட்டணத்தை அடிமட்டத்திற்குக் குறைத்து அதனை வீழ்த்த முனைந்தது. கட்டணத்திற்கு வரம்பிட அன்று எவருமில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின், அதே ஊரில் வரம்பிடுவதே வழக்கிற்குக் காரணமாயிற்று.

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏழாம் கப்பல்தளத்தைச் சரக்குப்பெட்டக முனையமாக நடத்தும் உரிமை, 1998இல் பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனத்திற்கு 30 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. கையாளும் ஒவ்வொரு பெட்டகத்திற்கும் ஆண்டுதோறும் உயரும் உரிமைத்தொகையைத் துறைமுகத்திற்குச் செலுத்த அந்நிறுவனம் இசைந்தது. ஆனால், ஏற்றுமதியாளரிடம் பெறும் கட்டணத்தை அதுவே முடிவு செய்ய இயலாது. 1997இல் அமைந்த பெருந்துறைமுகக் கட்டண ஆணையமே அதனை வகுத்தது.

இவ்வேற்பாடு காரணமற்றதன்று. மாற்றுவழி குறைந்த வாயிலில் நிற்பவர் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். அச்சுமை திருப்பூர்ப் பின்னலாடையின் விலையிலும், மில்லர்புரத்துக் கடையில் விற்கும் இறக்குமதிப் பொருளின் விலையிலும் ஏறும்.

சிக்கல் கணக்கிடும் முறையில் இருந்தது. செலவோடு நியாயமான ஆதாயத்தைக் கூட்டி, அதனைப் பெட்டகங்களின் எண்ணிக்கைக்குப் பகிர்ந்து ஆணையம் கட்டணம் வகுத்தது. பெட்டகங்கள் பெருகினால் ஒன்றிற்கான செலவு குறையும், கட்டணமும் குறைக்கப்படும். திறம்பட உழைத்தவருக்கே வருவாய் சுருங்கும் விந்தை இது! மேலும், உரிமைத்தொகை முழுவதையும் செலவாக ஏற்க அரசின் கொள்கை இடந்தரவில்லை. அடுத்த நிலையில் கேட்டவர் குறித்த தொகையளவே ஏற்கப்பட்டது. 2006இல் ஆணையம் கட்டணத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. ஒருபுறம் கட்டணம் இறங்க, மறுபுறம் உரிமைத்தொகை ஏறியது.

நிறுவனம் நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. உரிமைத்தொகைக்கு மாற்றாக வருவாய்ப் பங்கீட்டு முறையைத் தீர்ப்பாயம் 2014இல் வழங்கியது. அதனை உயர் நீதிமன்றம் நீக்க, உச்ச நீதிமன்றமும் 2021 ஜூலையில் அந்நீக்கத்தை உறுதிசெய்தது: ஒரு தரப்பு இசையாத புதிய ஒப்பந்தத்தை அத்தரப்பின்மீது சுமத்தலாகாது என்பதே காரணம். இசைந்த தொகையை எண்ணித்தான் ஒப்பந்தம் கேட்டிருக்க வேண்டும் என்பாரும் உளர், அவ்வாதத்திலும் வலுவுண்டு.

அவ்வாண்டே நடைமுறைக்கு வந்த பெருந்துறைமுக ஆணையச் சட்டத்தின்படி, அதன்பின் ஒப்பந்தம் பெறும் தனியார், சந்தை நிலவரத்திற்கேற்பக் கட்டணம் வகுத்துக்கொள்ளலாம்.