உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டமும் திருப்பூர்ப் பின்னலாடையும்

உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் என்பது பன்னாட்டுக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பு (ஃபிஃபா) நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் உலகக்கோப்பைப் போட்டியின் முடிவை அறுதியிடும் ஆட்டமாகும். ஈழத்தில் இவ்விளையாட்டு உதைபந்தாட்டம் என வழங்கும். இந்திய அணி உலகக்கோப்பையின் இறுதிச்சுற்றுப் போட்டிகளில் ஒருமுறையும் ஆடியதில்லை. 1950 இல் தகுதி கிடைத்தும் அணி பிரேசிலுக்குச் செல்லவில்லை. ஆயினும் தமிழ்நாட்டின் திருப்பூருக்கு இப்போட்டியுடன் ஒரு தொழில் தொடர்பு உண்டு. உலகக்கோப்பை ஆண்டுகளில் வெளிநாட்டு வணிக நிறுவனங்களுக்கான இரசிகர் டி-சட்டைகள் இந்நகரில் தைக்கப்பட்டு வந்துள்ளன. இறுதியாட்டத்தைக் காண்போர் அறியவேண்டிய விதிகளையும் நேரக்கணக்கையும், அவ்வாட்டத்தில் அணியப்படும் சட்டைக்கும் திருப்பூர்ச் சட்டைக்கும் உள்ள வேறுபாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நாளும் நேரமும்

அண்மைக்கால இறுதியாட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்றுள்ளன. போட்டி நடக்கும் நாட்டைப் பொறுத்து இந்திய நேரம் பெரிதும் மாறுபடும். ஆட்டம் தொடங்கிய இந்திய நேரமும் முடிவும் வருமாறு:

• 2002, யோக்கோகாமா (சப்பான்) – மாலை 4.30, பிரேசில் 2, செருமனி 0.
• 2006, பெர்லின் (செருமனி) – இரவு 11.30, இத்தாலி 1, பிரான்சு 1, சமன்நீக்கி உதைகளில் இத்தாலி 5–3.
• 2010, யோகானசுபேர்க்கு (தென்னாப்பிரிக்கா) – நள்ளிரவு 12.00, எசுப்பானியா 1, நெதர்லாந்து 0 (கூடுதல் நேரம்).
• 2014, இரியோ டி செனீரோ (பிரேசில்) – நள்ளிரவு 12.30, செருமனி 1, அர்கெந்தீனா 0 (கூடுதல் நேரம்).
• 2018, மாசுக்கோ (உருசியா) – இரவு 8.30, பிரான்சு 4, குரோவாசியா 2.
• 2022, உலுசைல் (கத்தார்) – இரவு 8.30, அர்கெந்தீனா 3, பிரான்சு 3, சமன்நீக்கி உதைகளில் அர்கெந்தீனா 4–2.

2026 ஆம் ஆண்டுப் போட்டி ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளுக்கு வழங்கப்பட்டது. 48 அணிகள், 104 ஆட்டங்கள் என விரிவாக்கப்பட்ட முதல் போட்டி இதுவாகும். 1998 முதல் 2022 வரை 32 அணிகளே பங்கேற்றன. இறுதியாட்டத்தை எட்டும் அணி அதனையும் சேர்த்து ஏழு ஆட்டங்கள் ஆடியது. புதிய அமைப்பில் அது எட்டாகும். இறுதியாட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாள் சூலை 19. இடம் நியூ செர்சி மாநிலத்தின் கிழக்கு ரூதர்போர்டில் உள்ள மெட்லைஃப் அரங்கம். தொடக்கம் அங்குப் பிற்பகல் 3.00 மணி. இந்திய நேரப்படி இது சூலை 20, திங்கட்கிழமை, நள்ளிரவு கடந்து 12.30 மணியாகும். நாட்காட்டியில் திங்கள் என்றிருப்பதைக் கண்டு திங்கள் இரவு காத்திருப்போர் ஆட்டத்தைத் தவறவிடுவர். ஞாயிறு இரவே விழித்திருத்தல் வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளை உடையது. காயம், ஆட்டக்காரர் மாற்றம், காணொளி ஆய்வு முதலியவற்றால் இழந்த நேரம் ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேர்க்கப்படும். 2026 போட்டியின் எல்லா ஆட்டங்களிலும் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் நீரருந்துவதற்காக மூன்று நிமிட இடைநிறுத்தம் உண்டு என ஃபிஃபா அறிவித்தது. பயிற்றுநர்கள் இதனை உத்தியை மாற்றும் வாய்ப்பாகவும் கொள்ளலாம்; இடைநிறுத்தத்துக்குப் பின் ஆட்டக்காரர்கள் நிற்கும் இடங்கள் மாறியுள்ளனவா எனக் கவனித்தல் நன்று.

90 நிமிட முடிவில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தால் 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு கூடுதல் பாதிகள் ஆடப்படும். அதன் பின்னரும் சமநிலை நீடித்தால் சமன்நீக்கி உதைகள் நிகழும். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து உதைகள். அப்போதும் முடிவு வராவிடின் ஒவ்வோர் உதையாகத் தொடரும்.

1930 முதல் 2022 வரை நடந்த 22 போட்டிகளுள் 1950 இல் மட்டும் தனி இறுதியாட்டம் இல்லை. நான்கு அணிகளின் சுழற்சுற்றே வெற்றியாளரை முடிவுசெய்தது. எஞ்சிய 21 இறுதியாட்டங்களுள் எட்டு கூடுதல் நேரத்துக்குச் சென்றன. அவற்றுள் மூன்று (1994, 2006, 2022) சமன்நீக்கி உதைகளில் முடிந்தன. 2006 முதல் 2022 வரையான ஐந்தில் நான்கு 90 நிமிடங்களில் முடியவில்லை. எனவே நள்ளிரவு 12.30 க்குத் தொடங்கும் ஆட்டம் ஏறத்தாழ 2.30 க்கு முடியலாம்; கூடுதல் நேரமும் உதைகளும் சேர்ந்தால் 3.30 மணியை நெருங்கலாம்.

நடுவர் முடிவுகள்

புதிதாகக் காண்போருக்கு ஐயம் எழுப்பும் விதிகள் சில:

• அயலிடம் (ஆஃப்சைடு): பந்து தன்னை நோக்கி உதைக்கப்படும் நொடியில், எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரர் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் விட இலக்குக்கோட்டுக்கு அருகில் நின்று ஆட்டத்தில் ஈடுபட்டால் குற்றமாகும். பந்து வந்து சேரும் நொடி கணக்கில்லை.
• காணொளி உதவி நடுவர்: 2018 இல் உலகக்கோப்பையில் முதன்முறையாகப் பயன்பட்டது. அவ்வாண்டு இறுதியாட்டத்திலேயே குரோவாசியாவுக்கு எதிரான தண்டனை உதை ஒன்று காணொளி ஆய்வின் பின் வழங்கப்பட்டது.
• ஆட்டக்காரர் மாற்றம்: ஐவரை மாற்றலாம், கூடுதல் நேரத்தில் மேலும் ஒருவர். இறுதியாட்டத்தின் பின்பகுதியில் களைப்பற்ற கால்கள் வெற்றியைத் தீர்மானிக்கலாம். 2014 இல் 113 ஆம் நிமிடத்தில் இலக்கு அடித்த மரியோ கோட்சே மாற்று ஆட்டக்காரராக வந்தவரே.
• இலக்குக்காவலர்: 2025 சூலை முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பந்தை எட்டு நொடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை வழங்கப்படும்.

சட்டையின் நிறமும் விண்மீனும்

இரு அணிகளின் சட்டைகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றும் நடுவரின் உடையிலிருந்தும் வேறுபட வேண்டும் என்பது விதி. இலக்குக்காவலருக்குத் தனி நிறம். 1958 இறுதியாட்டத்தில் சுவீடன், பிரேசில் இரண்டுக்கும் மஞ்சளே நிறமாக இருந்தமையால் பிரேசில் நீலச் சட்டை அணிந்து வென்றது. அம்மஞ்சள் நிறமும் பிரேசிலின் தொல்மரபு அன்று; 1950 இல் உருகுவையிடம் தோற்றபோது அவ்வணி அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. அத்தோல்விக்குப் பின்னரே மஞ்சள் வந்தது.

சின்னத்தின் மேலுள்ள விண்மீன்கள் பொதுவாக உலகக்கோப்பை வெற்றிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். 2022 வரை பிரேசில் ஐந்து, செருமனி நான்கு, இத்தாலி நான்கு, அர்கெந்தீனா மூன்று முறை வென்றிருந்தன. உருகுவை இருமுறையே வென்றிருப்பினும், 1924, 1928 ஒலிம்பிக் வெற்றிகளையும் சேர்த்து நான்கு விண்மீன்கள் அணிகிறது.

ஆடுகளச் சட்டையும் திருப்பூர்ச் சட்டையும்

திருப்பூரில் பனியன் தைக்கப்படும் மெல்லிய பின்னல்துணிக்கு சிங்கிள் செர்சி என்று பெயர். பின்னல் வேலைக்குப் பெயர்பெற்ற, ஆங்கிலக் கால்வாயில் உள்ள செர்சித் தீவிலிருந்து அச்சொல் வந்தது. ஆட்டக்காரரின் மேற்சட்டையைக் குறிக்கும் செர்சி என்னும் சொல்லும், 2026 இறுதியாட்டத்துக்குரிய நியூ செர்சியின் பெயரும் அதே தீவிலிருந்து வந்தவை.

பெயர் ஒன்றாயினும் இழை வேறு. 1970கள் வரை பருத்திச் சட்டைகளே கால்பந்தில் பெருவழக்காக இருந்தன. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக் கனக்கும். பாலியெசுட்டர் இழை நீரை மிகக் குறைவாகவே ஏற்பதால், வியர்வை துணியின் மேற்பரப்பில் பரவி விரைவில் உலரும். ஆகையால் இன்று இறுதியாட்டத்தில் ஓடும் 22 பேரும் அணிவது பாலியெசுட்டர்ப் பின்னலாடையாகும். திருப்பூரின் வலிமையோ பருத்தியில் உள்ளது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்நகரினுடையது. எனினும் ஆடுகளத்தில் காணப்படும் சட்டையை விட, பார்வையாளர் மாடத்திலும் தெருவிலும் அணியப்படும் பருத்தி இரசிகர் சட்டையே திருப்பூருக்கு உரியதாக இருந்து வந்துள்ளது.

இவ்வேறுபாட்டை நூலை மாற்றிக் கடந்துவிட இயலாது. பருத்திக்கான சாயம் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உப்பும் சோடாவும் சேர்த்து ஏற்றப்படுகிறது. பாலியெசுட்டருக்கு வேறு வகைச் சாயமும், 130 பாகை அளவு வெப்பமும், அழுத்தம் தாங்கும் கலன்களும் வேண்டும். எண்ணும் பெயரும் பதிக்கும் அச்சுமுறையும் வேறு. செயற்கை இழை ஆடைகளை ஊக்குவிக்க இந்திய அரசு 2021 செப்டம்பரில் 10,683 கோடி ரூபாய் மதிப்பிலான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இத்துறையில் கால்பதிக்க முயன்று வருகின்றனர்.

உற்பத்திக் காலம்

ஓர் இரசிகர் சட்டை கடந்துவரும் நிலைகள்: நூல் கொள்முதல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, தையல் (ஓவர்லாக், பேட்லாக்), செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றுட் பல, தனித்தனி சிறு நிறுவனங்களில் ஜாப் ஒர்க்காக நடைபெறுகின்றன. பின்னர்ச் சரக்கு தூத்துக்குடி போன்ற துறைமுகங்கள் வழியாகக் கடல்கடந்து செல்லப் பல வாரங்கள் ஆகும்.

இதனால் உலகக்கோப்பைக்குரிய வேலை, முதல் ஆட்டம் தொடங்குவதற்குப் பல திங்களுக்கு முன்னரே திருப்பூரில் முடிந்துவிடும். எந்த அணி இறுதியை எட்டும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஓர் அணி தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினால் அந்நாட்டுக் கடைகளில் சட்டைகள் தேங்கும். அடுத்த ஆணை சுருங்கும். வென்ற அணிக்கான சட்டை உடனே வேண்டப்படுவதால், அதனைச் சந்தைக்கு அருகிலேயே அச்சிடுவது வணிகருக்கு எளிது. எனவே இறுதியாட்டத்தின் முடிவால் திருப்பூருக்கு உடனடி வேலை கிடைப்பது அரிது.

போட்டியை நடத்தும் நாட்டின் வணிகக் கொள்கையும் முதன்மையானது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கி வந்த ஐக்கிய அமெரிக்கா, 2025 ஆகத்து 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. 2026 பிப்ரவரியில் அது குறைக்கப்பட்டது. உலகக்கோப்பைக்கு முந்தைய முதன்மை உற்பத்திக் காலத்தில் இவ்வரி நடப்பில் இருந்தது குறிப்பிடத்தக்கது.

நிறமும் நொய்யலும்

அணிகளின் அடர்ந்த நீலம், சிவப்பு, கருப்பு ஆகிய நிறங்களைப் பருத்தியில் ஏற்ற வெளிர்நிறங்களை விட மிகுதியான சாயமும் உப்பும் தேவை. அவ்வுப்புநீர் நீண்டகாலம் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் நீரையும் கீழ்ப்பகுதி வேளாண் நிலங்களையும் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னர்க் கழிவுநீரை வெளியேற்றாது தூய்மைசெய்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கு நடைமுறைக்கு வந்தது. இதன் செலவைச் சாயக்கூலியில் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது. சட்டையின் நிறம் மலிவானதன்று என்பதைத் திருப்பூர் வட்டாரம் நன்கறியும்.

திருப்பூரில் ஆட்டம் காண்போருக்கு

திருப்பூரில் மேற்கு வங்காளம், ஒடிசா, சார்க்கண்டு, அசாம், பீகார் முதலிய மாநிலத் தொழிலாளர்கள் பெருந்தொகையினர் பணிபுரிகின்றனர். மேற்கு வங்காளம் போன்ற மாநிலங்களில் கால்பந்து நெடுங்காலமாக வேரூன்றிய விளையாட்டாகும். பனியன் தொழிலில் சனிக்கிழமை வாரச்சம்பளமும், ஞாயிறு விடுமுறையும், திங்கள் காலை 8.30 மணிக்குத் தொடங்கும் ஷிப்டும் பொதுவழக்கு. 3.30 மணிக்கு ஆட்டம் முடியின் உறக்கத்துக்கு எஞ்சுவது நான்கு மணி நேரமே. கட்டிங், ஓவர்லாக் ஆகிய எந்திரங்களில் அமர்வோருக்கு உறக்கமின்மை விரற்காயத்துக்கு வழிவகுக்கலாம்.

முழு ஆட்டமும் காண இயலாதோர் மாலையிலேயே உறங்கி நள்ளிரவில் எழலாம். அல்லது இரண்டாம் பாதியிலிருந்து காணலாம். 2022 இறுதியாட்டத்தில் 80 ஆம் நிமிடம் வரை 2–0 எனப் பின்தங்கியிருந்த பிரான்சு, அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் கிளியான் எம்பாப்பே அடித்த இரு இலக்குகளால் சமநிலை எய்தியது. கடைசிக் கால்மணி நேரத்தைத் தவறவிடாதிருத்தல் சிறந்தது.

2030 ஆம் ஆண்டுப் போட்டி மொராக்கோ, போர்த்துகல், எசுப்பானியா ஆகிய நாடுகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. நூற்றாண்டை முன்னிட்டு முதற்சில ஆட்டங்கள் உருகுவை, அர்கெந்தீனா, பரகுவை ஆகியவற்றில் நடைபெறும். அதற்கான சட்டைகள் பருத்தியிலா பாலியெசுட்டரிலா திருப்பூரில் தைக்கப்படும் என்பதை, சாயப்பட்டறைகளிலும் நிட்டிங் கூடங்களிலும் அதற்கு முன்னர்ச் செய்யப்படும் முதலீடுகளே முடிவுசெய்யும்.