மரத்தின் மேல் மண் சேர்க்கும் பெரணி

பூவும் விதையும் இல்லாமல், ஸ்போர்கள் எனப்படும் நுண்துகள்களால் இனம் பெருக்கும் பெரணிகளுள், நிழலான இடங்களுக்கு ஏற்ற அழகுச்செடியாகப் பெரிதும் வளர்க்கப்படுவது பறவைக்கூட்டுப் பெரணி ஆகும். 1753-இல் லின்னேயஸ் ‘அஸ்பிளேனியம் நைடஸ்’ என்று பெயரிட்ட இச்செடி, கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரையிலான வெப்பமண்டலக் காடுகளில் இயல்பாக வளர்கிறது.

இது ஒரு தொற்றுத்தாவரம். அதாவது, மரக்கிளையைப் பற்றி வாழ்ந்தாலும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. புனல் வடிவில் விரியும் பிளவுபடாத இலைகள் மேலிருந்து உதிரும் சருகுகளையும் மழைநீரையும் தாங்கிக்கொள்ள, அச்சருகு மட்கி, வேர்த்திரளோடு கலந்து, ஈரம் காக்கும் மண்ணாகிறது. போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு, 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, இப்பெரணிகளில் வாழும் பூச்சி முதலான சிற்றுயிர்களையும் கணக்கில் சேர்த்தால், காட்டு விதானத்திலுள்ள முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடை மதிப்பீடு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று காட்டியது.

வளர்ப்பு முறைகள் யாவும் இவ்வாழ்க்கையிலிருந்தே பிறக்கின்றன. வேர்கள் காற்றோட்டத்துக்குப் பழகியவையாதலால், களிமண்ணைத் தவிர்த்து, தென்னை நார்த்தூள், மரப்பட்டைத் துண்டுகள், கரித்துண்டுகள், மட்கிய இலையுரம் ஆகியவற்றைக் கலந்து, வடிதுளை உள்ள சிறு தொட்டியில் நடுதல் நலம். நேர்வெயில் இலைகளைக் கருக்கிவிடும் என்பதால், மரநிழலோ நிழல்வலையோ, வடிகட்டிய ஒளி விழும் சன்னலோரமோ ஏற்றது. காற்று வறண்டால் இலைநுனி பழுப்பாகும். அந்நிலையில் செடியைச் சுற்றிலும் ஈரப்பதத்தைக் கூட்டுதல் வேண்டும். வளரும் பருவத்தில் நீர்மஉரத்தைப் பரிந்துரைத்த அளவில் பாதியாக நீர்க்கச் செய்து, மாதம் ஒருமுறை அளித்தால் போதும்.

காட்டில் மழை நேராக நடுக்குருத்தில் விழுந்தாலும், காற்று வீசுவதால் அங்கு ஈரம் விரைவில் உலர்கிறது. மூடிய அறையிலோ தேங்கிய நீர் குருத்தழுகலை உண்டாக்கிச் செடியையே கொன்றுவிடக்கூடும். எனவே, தொட்டியின் மேல்மண் சற்றே உலர்ந்த பின், ஓரமாக நீர் ஊற்றுவது பாதுகாப்பானது. சுருண்டெழும் இளங்குருத்துகள் எளிதில் காயப்படுமாதலால், அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது.

முதிர்ந்த இலையின் அடியில், நரம்புகளை ஒட்டிச் சீராக அமையும் பழுப்புக் கோடுகள் ‘சோரஸ்’ எனப்படும் ஸ்போர்ப்பைத் தொகுதிகளே. இவற்றை நோயென்று கருதி இலையை வெட்டிவிடுவோரும் உண்டு. ஒழுங்கின்றிச் சிதறி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருபவை செதில் பூச்சிகள். அவற்றையே அகற்ற வேண்டும்.

ஒரே குருத்திலிருந்து வளர்வதால் இச்செடியைப் பொதுவாகப் பிரித்து நட இயலாது. முதிர்ந்த இலைத்துண்டைத் தாளில் வைத்து உலர்த்தி, கொதிநீரால் தூய்மையாக்கி ஆறவைத்த ஈர ஊடகத்தில், உதிரும் ஸ்போர்களைத் தூவி, கண்ணாடியால் மூடிவைத்தால், ‘புரோதாலஸ்’ எனப்படும் இதயவடிவப் பச்சைத் தகடுகள் முதலில் தோன்றும். அவற்றில் உண்டாகும் ஆண் செல்கள் நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றே பெண் செல்லை அடைகின்றன. ஆதலால், இளஞ்செடி தலைகாட்டும் வரை மூடிக்குள் ஈரம் வற்றாமல் காப்பது இன்றியமையாதது.