கரடிக்காக வாங்கும் துப்பாக்கி

அமெரிக்கக் கடைத்தெரு – 17

நம்மூரில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்கூடத் தேர்தல் தேதி அறிவித்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கதை வேறு. 21 வயது நிரம்பிய ஒருவர் கடைக்குப் போகிறார், 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் எஃப்.பி.ஐ. பதிவேட்டில் அவருடைய பின்னணியைச் சரிபார்க்கும் வரை காத்திருக்கிறார். சிக்கல் எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே கைத்துப்பாக்கியோடு வீடு திரும்பிவிடலாம். வாங்குவது இவ்வளவு சுலபமாக இருக்கும் இடத்தில், எதை வாங்குவது என்பதுதான் தலைவலி. தூண்டிலும் கூடாரமும் விற்கும் பெருங்கடைகள் அங்கே உண்டு. அவற்றுக்குள் கொஞ்சம் நடந்தால் கண்ணாடிப் பெட்டியில் கைத்துப்பாக்கிகள். அங்கே வந்து நிற்கும் புதியவரின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: விடுமுறை நாளில் சுடுதளத்தில் பொழுதுபோக்காகச் சுட வேண்டும், காடு மலை என்று நடக்கப் போனால் இடுப்பிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கியாக எதை வாங்கலாம்?

கோளாறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. இரண்டு வேலைகளில் ஒன்று ஆயிரக்கணக்கான முறை நடக்கப் போவது. மற்றது ஆயுசில் ஒருமுறைகூட நடக்காமல் போகக்கூடியது. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று தீர்மானித்த நிமிடத்திலிருந்து, நடக்காத வேலைதான் நடக்கும் வேலைக்குச் சட்டம் போடுகிறது. கரடியை நினைத்தால் கை தானாகப் பெரிய காலிபரின், அதாவது பருத்த குண்டின், பக்கம் போகிறது. கடைக்காரருக்கும் அதில் வருத்தம் இருக்காது.

பாயின்ட் 44 மேக்னத்தை எடுத்துக்கொள்வோம். எல்மர் கீத் என்ற வேட்டை எழுத்தாளர் பல காலம் விடாமல் நச்சரித்ததன் பலனாக, 1955-ன் கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய தோட்டா அது. 1971-ல் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கையில் அதைப் பார்த்த பிறகு, வேட்டைக்காரர் அல்லாதவர்களும் அந்த ரிவால்வரைத் தேடி அலைந்தார்கள். அதன் குண்டு ஏறக்குறைய 15 கிராம். குழலைவிட்டு வெளியேறும்போது சுமார் 1,200 ஜூல் ஆற்றல். பாயின்ட் 22 லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டாவின் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், ஆற்றல் 130 ஜூலைச் சுற்றி. ஒன்பது மடங்கு வித்தியாசம். முன்னால் போகும் உந்தத்துக்கு ஈடானது பின்னால் வந்து உள்ளங்கையில் இடித்தே தீரும். அதோடு முகத்துக்கு முன்னால் ஒரு தீப்பிழம்பு, காதடைப்பானையும் மீறிக் கேட்கும் ஓசை. மூளை இதை இரண்டு மூன்று வெடியிலேயே பாடம் பண்ணிக்கொள்கிறது. அடுத்த முறை விசையில் விரல் அழுந்தத் தொடங்கும்போதே, குண்டு கிளம்பும் முன்பாகவே, மணிக்கட்டு தாழ்கிறது, கண் மூடிக்கொள்கிறது. பட்டாசுத் திரியில் ஊதுபத்தியை நீட்டும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது போலத்தான் இது. கை மிரண்டுவிடுகிறது. குழல் ஒரே ஒரு பாகை தாழ்ந்தாலும் பத்து மீட்டர் தொலைவில் குண்டு பதினேழு சென்டிமீட்டர் கீழே போய் விழும்.

இந்த மிரட்சி சுடுகிறவருக்கே தெரிவதில்லை, அதுதான் வில்லங்கம். வெடியின் குலுக்கலில் கை தாழ்ந்தது மறைந்துபோகும். குறி தப்பியதற்குத் துப்பாக்கியின் மீதும் குறிமுள்ளின் மீதும் பழி போடுவார்கள். பயிற்சியாளர்கள் இதை வெளிக்கொண்டுவர ஒரு பழைய தந்திரம் வைத்திருக்கிறார்கள். ரிவால்வரின் உருளையில் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களை இடையிடையே கலந்து போட்டு, எது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் கையில் கொடுப்பார்கள். வெற்றுத் தோட்டா வரும்போது வெடி இல்லை, ஆனால் குழல் மட்டும் சட்டென்று தலைகுனியும். பார்த்தவர் வாயடைத்துப் போவார். ஒட்டிக்கொண்ட மிரட்சியை உதறுவது, ஒட்டாமல் பார்த்துக்கொள்வதைவிடப் பல மடங்கு கஷ்டம். முதல் துப்பாக்கியைப் பற்றிய பேச்சில் இதைவிடக் கனமான விஷயம் வேறு கிடையாது. அந்தத் துப்பாக்கிதான் கைக்கு முதல் வாத்தியார். அடிக்கிற வாத்தியாரிடம் பிள்ளை கற்பது பாடத்தை அல்ல, அடிக்குத் தப்பும் வித்தையைத்தான்.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. பாயின்ட் 22 தோட்டா இன்றைய விலையில் ஏறத்தாழ எட்டுப் பத்து சென்ட். 9 மி.மீ. அதைப்போல மூன்று மடங்கு. பாயின்ட் 44 மேக்னம் ஒன்றுக்கு ஒரு டாலரை ஒட்டி ஆகிறது. ஆயிரம் தோட்டா சுட்டுப் பழக ஒருவருக்கு நூறு டாலருக்குள் முடியும், இன்னொருவருக்கு ஆயிரம் டாலர் வேண்டும். அந்த இன்னொருவர் ஆயிரம் சுட மாட்டார். ஐம்பது சுட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். 2013-ஐ ஒட்டிச் சில ஆண்டுகள் பாயின்ட் 22 தோட்டாவே கடைகளில் கிடைக்காமல், வந்த அன்றே தீர்ந்துபோன காலமும் இருந்தது உண்மைதான். அப்போதும் மற்றவற்றைவிட இதுவே மலிவாக இருந்தது.

காட்டுக்குச் சின்னத் துப்பாக்கி என்பது நூதன யோசனையும் அல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1915-ல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட பாயின்ட் 22 பிஸ்டலுக்கு 1927-ல் ‘வுட்ஸ்மன்’ என்று பெயர் சூட்டினார்கள், வனவாசி என்று வைத்துக்கொள்ளலாம். 1977 வரை அது தயாரிப்பில் இருந்தது. 1930களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த சின்ன ரிவால்வரின் பெயர் ‘கிட் கன்’. தூண்டில்காரரின் சாமான் பையில் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று செய்தது, அதுவும் பாயின்ட் 22. 1949-ல் பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட் மாநிலத்தில் தொழிலைத் தொடங்கியதே முப்பத்தேழரை டாலர் விலையில் ஒரு பாயின்ட் 22 பிஸ்டலை விற்றுத்தான். வெளியில் நடக்கப் போகிறவரின் துப்பாக்கி என்றால் அந்தத் தலைமுறைக்கு நினைவில் வந்தது இந்தச் சின்னது. தகர டப்பாவைச் சுடலாம், முயலடிக்கலாம். கரடி அவர்கள் காலத்திலும் இருந்தது.

சரி, இப்போது கரடிக்கே வருவோம், ஏனென்றால் எதிர்வாதத்தின் முழு பலமும் அங்கேதான். பாயின்ட் 22 கரடியை நிறுத்துமா? நிறுத்தும் என்று நம்பி யாரும் போகக் கூடாது. ஆனால் கேட்க வேண்டியது, புதியவர் கையில் இருக்கும் மேக்னம் நிறுத்துமா என்பது. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவின் பதிவுகளைத் திரட்டி இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். 2008-ல் வந்தது கரடிக்கென்றே விற்கும் மிளகாய்ச் சாரத் தெளிப்பான் பற்றியது: பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதச் சம்பவங்களில் பலித்திருக்கிறது, தெளிப்பான் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. 2012-ல் வந்தது துப்பாக்கிகள் பற்றியது. 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கியால் சுட்டவர்களில் 84 சதவீதம் பேர் கரடியைத் தடுத்திருக்கிறார்கள், நீளத் துப்பாக்கிக்காரர்களில் 76 சதவீதம் பேர். துப்பாக்கிப் பிரியர்கள் இந்த 84-ஐ ஓங்கிச் சொல்வார்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவை மெல்லத் தாண்டிவிடுவார்கள்: சீறி வந்த கரடியின் முன், கையிலிருந்த துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாமல் விட்டவர்களுக்கும் காயம், சாவு என்ற கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. காரணம் தோட்டாவின் பலவீனம் அல்ல, மனிதர்களின் தடுமாற்றம். நேரம் போதவில்லை, பூட்டை விடுவிக்கத் தெரியவில்லை, குறி தப்பியது.

இந்த இரண்டு ஆய்வையும் தராசில் நேருக்கு நேர் வைக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். தெளிப்பான் பட்ட கரடிகளில் பல, சாப்பாட்டு வாசனைக்கு வந்து மோப்பம் பிடித்தவை. துப்பாக்கிப் பதிவுகளில் பாய்ந்து வந்தவை அதிகம். அதை ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு வேண்டியது கிடைக்கிறது: பயிற்சி இல்லாத கையில் காலிபரின் பருமன் எதையும் காப்பாற்றுவதில்லை. தெளிப்பானில் புகை ஏழெட்டு மீட்டருக்கு அகலமாகப் பரவும், கை நடுங்கினாலும் கரடியின் முகத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே கரடி உள்ள நாட்டில் நடப்பவர் இடுப்பில் முதலில் தொங்க வேண்டியது அது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை, அங்கே இருப்பவை கருங்கரடிகள்தாம். 2010 பிப்ரவரி முதல் தேசியப் பூங்காக்களுக்குள் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் சுடுவதற்குப் பொதுவாகத் தடை இருக்கிறது. பாம்பைச் சொல்வோரும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பேரை விஷப்பாம்பு தீண்டுகிறது, இறப்பவர் சுமார் ஐந்து பேர். இரண்டு எட்டுப் பின்வாங்கினால் தீரும் விவகாரம். பூங்காக்களில் மனிதர்களைக் கொல்பவை தண்ணீரும் வாகனமும் பள்ளமும்தாம், எந்தத் துப்பாக்கியும் அவற்றைச் சுடாது.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பாயின்ட் 357 மேக்னம் ரிவால்வர் வாங்கினால் அதில் 1898 காலத்துப் பாயின்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். 1935-ல் மேக்னத்தை உருவாக்கியவர்கள் அதன் பித்தளைக் கூட்டை மூன்று மில்லிமீட்டர் நீட்டித்தான் செய்தார்கள், பழைய ரிவால்வர்களுக்குள் அது நுழைந்து வெடித்துவிடக் கூடாதே என்று. சாதுவான தோட்டாவில் பழகு, காட்டுக்குப் போகும்போது மேக்னத்தைப் போடு, ஒரே துப்பாக்கி இரண்டு வேலை என்பது வாதம். அலாஸ்காவிலோ மொன்டானாவிலோ குடியிருந்து, வாழ்நாளில் ஒன்றுக்கு மேல் வாங்கப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு இது தக்க பதில்தான். மற்றவர்களுக்கு இரண்டு இடைஞ்சல். பாயின்ட் 38 விலை பாயின்ட் 22-ஐப் போல நான்கு மடங்குக்குமேல். பழகியது ஒன்று, ஆபத்தில் சுடப் போவது இன்னொன்று என்றால், மிரட்சி காட்டில் வைத்து முதன்முதலாக வரும்.

பாயின்ட் 22-க்கும் குறை இல்லாமல் இல்லை. அதன் பற்றவைப்பு மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருப்பதால், நடுவில் பொட்டு வைத்த பெரிய தோட்டாக்களைவிட வெடிக்காமல் போவது அதிகம். மெத்தென்று சுடுகிறதே என்று விளையாட்டுச் சாமானாக நினைப்பவர்களும் உண்டு. அந்தக் குண்டு ஒரு கிலோமீட்டருக்குமேல் போகும், நெஞ்சில் பட்டால் ஆளைக் கொல்லும். பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் நான்காம் இடம் பிடித்ததும் இந்தத் தோட்டாவில்தான் என்பது அதன் துல்லியத்துக்குப் போதுமான அத்தாட்சி.

பிஸ்டலா ரிவால்வரா என்ற சண்டை நான் நினைப்பதைவிடப் பெரிதாக நடக்கிறது. எனக்கு ரிவால்வர் பக்கம் ஒரு சாய்வு உண்டு. பிஸ்டலில் தோட்டா அடுக்கான மேகசினை உருவிய பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம், காலியாகிவிட்டது என்று நம்பி விசையை இழுத்தவர்களால் நேர்ந்த விபத்துகள் ஏராளம். உருளையை வெளியே சாய்க்கும் வகை ரிவால்வரில் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டிய கௌபாய் வகை மெதுவானது, கற்கிறவருக்கு அந்த மெதுவே வரம். பழைய பொருள் வாங்கினால் மட்டும் ஒன்று பார்க்க வேண்டும்: ரூகரின் அந்த வகை ரிவால்வர்களில் 1973-க்கு முந்தியவை கீழே விழுந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு, சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். எதுவானாலும் வாங்குமுன் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து நாலைந்தைச் சுட்டுப் பார்ப்பது கடைக்காரரின் சிபாரிசைவிட மேல்.

அதே ரசீதில் ஒரு பூட்டுப் பெட்டியும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலையில் இறக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது வாங்காதவர்களைவிட எட்டு மடங்கு, பெண்களிடம் முப்பத்தைந்து மடங்கு. வாங்கிய கையோடு வரும் நாட்களில்தான் அபாயம் உச்சத்தில் இருந்தது. வீட்டில் மனம் உடைந்தவர் ஒருவர் இருந்தால் இப்போது வாங்க வேண்டாம், காலிபர் ஆராய்ச்சி பிறகு.

கடைசியாக, பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், மாநிலம் வழங்கும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி கடுங்குற்றம். சுடுதளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்குக் கையில் எடுப்பதும் அந்தக் கணக்கில் சேரும். நண்பர்களோடு வார இறுதியில் கிளம்பும் முன் விசாவை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.